அபூர்வ வியாதியும் தூரத்துச் செய்தியும்

வைப்பாற்றின் கரையில், மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் ஊடறுத்துப் போகும் கரிசல் பூமியில் அமைந்திருக்கும் சாத்தூர், வெள்ளரிப் பிஞ்சுக்கும் காராச்சேவுக்கும் பேனா நிப்புக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற ஊரேயன்றி, வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரத்தில் இடம்பெற்ற ஊரன்று. ஆயினும் அபூர்வமான புற்றுநோய் ஒன்று வந்தவர்க்கு நம்பத்தக்க செய்தியும் ஆதரவும் கிடைத்த வரலாற்றை எழுதப் புகுந்தால், பெருநகரத்தின் மாடியிலிருந்து பார்ப்பதைக் காட்டிலும் இப்படிப்பட்ட ஓர் ஊரின் பேருந்து நிலையத்திலிருந்து பார்ப்பதே விஷயத்தை உள்ளபடி விளக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வரும் புற்றை அபூர்வப் புற்று என்று ஐரோப்பிய அறிஞர் வகுத்திருக்கின்றனர். அவற்றுள் லட்சத்தில் ஒருவரைப் பற்றும் வகை ஒன்றை எடுத்துக்கொண்டு, முப்பதாயிரத்தை ஒட்டிய ஜனத்தொகை உடைய சாத்தூரோடு பொருத்திக் கணக்கிட்டால், மூன்று ஆண்டுக்கு ஒருவர் என்று விடை வரும். அம்மை கண்டவர்க்கு இருக்கன்குடி மாரியம்மனும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்க்குத் தெருவுக்குப் பத்துப் பேர் துணை உண்டு. இந்த ஒருவர்க்கோ, தம்மைப்போல் இன்னொருவர் எங்கேனும் இருக்கிறாரா என்று அறிவதற்கே ஊரின் எல்லையைத் தாண்டியாக வேண்டும்.

தாண்டிச் செல்லும் வழிகள் ஒரு காலத்தில் மிகச் சொற்பம். தெற்கே, பழைய திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்த நெய்யூரில், எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற கோஷ்டியில் இடம்பெற்றிருந்த சோமர்வெல் என்னும் ஆங்கில மருத்துவர், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு வாய்ப்புற்றுக்கு ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்தார். வடக்கே, 1934இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. இடையில் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி இருந்தது. இன்று ராஜாஜி பெயரைத் தாங்கி நின்றாலும், கரிசல்காட்டு ஜனங்களுக்கு அது என்றும் மதுரைப் பெரியாஸ்பத்திரிதான். இவற்றில் எது எதற்கு உகந்தது என்பதைச் சொல்ல அச்சிட்ட பிரசுரம் எதுவும் ஊருக்குள் வந்ததில்லை. சரக்கு வாங்க மதுரைக்குப் போய்வரும் அண்ணாச்சி ஒருவர் தம் மைத்துனருக்கு நேர்ந்ததைச் சொல்வார், அந்த வாய்ச்சொல்லே வழிகாட்டி. வாய்ப்புற்று, கர்ப்பப்பைப் புற்று முதலிய பொதுவான வகைகளுக்கு அச்சொல் ஓரளவு உதவியும் இருக்கக்கூடும். அண்ணாச்சியின் சுற்றத்தில் எவர்க்கும் வராத நோய்க்கு அவர் என்ன சொல்வார்?

இந்நிலையில் 1954ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் தேதி அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை, செய்தியின் வரலாற்றிலும் ஒரு திருப்பம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தைப் பல்லாண்டு நெஞ்சிலே சுமந்து, இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அந்த ஸ்தாபனத்தில், அவர் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் மறையும்வரை அதைவிட்டு அகலாத டாக்டர் சாந்தாவும் செய்த சிகிச்சையை நாடறியும். அவ்வளவாகப் பேசப்படாதது ஒன்றுண்டு: நோயாளியைப் பற்றிய குறிப்பைப் பல்லாண்டு பாதுகாத்து, வீடு திரும்பிய பிறகு அவர் என்ன ஆனார் என்று கடிதம் போட்டு விசாரிக்கும் வழக்கம். ஒரு சாதாரண அஞ்சலட்டை விசாரணையின் அருமை அபூர்வ நோயிலேதான் தெரியும்; ஏனெனில் அங்கே பத்துப் பேருடைய கதை சேர்வதற்கே பத்தாண்டு பிடிக்கும், அதில் இருவர் விலாசம் தொலைந்துபோனால் அறிவில் ஐந்தில் ஒரு பங்கு தொலைந்ததாகும். அதே 1954இல்தான் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியும் வெளிவந்தது. நூலகத்தில் அதைப் புரட்டிப் புற்று என்பது யாது என ஒருவர் தெரிந்துகொள்ளலாம். தமக்கு வந்தது யாது எனத் தெரிந்துகொள்ள அது போதாது.

பொதுஜனங்களுக்கு இந்நோயைப் பற்றி வாய்விட்டுப் பேசும் துணிவைத் தந்தது, எனது அபிப்பிராயத்தில், 1968ஆம் ஆண்டு. முதலமைச்சர் அண்ணாதுரைக்கு உணவுக்குழலில் புற்று என்பதும், அவர் நியூயார்க்கிற்குச் சிகிச்சைக்குப் போனார் என்பதும் பத்திரிகையில் வந்தபோது, அதுகாறும் வீட்டு முற்றத்துக்கு வெளியே வராத சொல் டீக்கடைப் பெஞ்சுக்கு வந்தது. 1969 பிப்ரவரி 3ஆம் தேதி அவர் மறைந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

கரிசல்காட்டுக்கும் அபூர்வப் புற்றுக்கும் இடையே, ஊரார் அறியாமலே ஓர் உறவு இருந்துவந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. மழை பொய்த்தாலும் பூப்பதும், ஆடுமாடு வாய் வைக்காததும், சுடுகாட்டோரம் வளர்வதால் சுடுகாட்டுப் பூ என்று இகழப்படுவதுமான நித்தியகல்யாணியைத் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் விதைத்து, இலையையும் வேரையும் உலர்த்தி வியாபாரிக்குப் போடும் சம்சாரிகள் பலர். 1952இல் ஜமைக்காவிலிருந்து நோயாளி ஒருவர் இச்செடியின் இருபத்தைந்து இலைகளை ஓர் உறையிலிட்டு, சர்க்கரை நோய்க்கு அங்குள்ளோர் இதன் கஷாயத்தைக் குடிக்கின்றனர் என்று எழுதிக் கனடாவில் இருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்கு அனுப்பினார். அவர் அதைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் கொடுக்க, மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் அவரும் சார்லஸ் பீர் என்பவரும் ஆராய்ந்தபோது சர்க்கரை இறங்கவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்கள் இறங்கின. அந்தத் தற்செயலிலிருந்து வின்பிளாஸ்டின் பிறந்தது. அதன் உடன்பிறப்பாகிய வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றுக் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றளவும் மருந்தாக இருக்கிறது. இலையை மூட்டை கட்டியவர்க்கு இச்செய்தி அரைகுறையாகவே வந்து சேர்ந்தது. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பதும், அம்மருந்து நரம்பைத் தாக்கவல்ல கடுமையுடையது என்பதும் வந்து சேராமல், பூ புற்றைத் தீர்க்கும் என்னும் பாதி மட்டும் வந்தமையால், அதை அரைத்துக் குடிப்பாரும் குடிக்கச் சொல்வாரும் உண்டாயினர். முழுப்பொய்யைச் சுலபமாக விலக்கலாம். பாதி மெய்யோடு போராடுவது கடினம்.

1982ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரும் உயிரியல் எழுத்தாளருமான ஸ்டீபன் ஜே கூல்டுக்கு மீசோதெலியோமா என்னும் அபூர்வப் புற்று வந்தது. படிக்க உருப்படியான நூல் எது என்று அவர் கேட்க, படிக்கத்தக்கது ஏதுமில்லை என்று மருத்துவர் நழுவ, அவர் தாமே பல்கலைக்கழக மருத்துவ நூலகத்துக்குச் சென்று, நோயாளருள் சரிபாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறக்கின்றனர் என்னும் கணக்கைக் கண்டு திகைத்து, பின் தெளிந்து, மறுபாதிப் பேர் எத்தனை காலம் வாழ்கின்றனர் என்பதன்றோ தமக்கு வேண்டிய கேள்வி என்று உணர்ந்தார். அவர் மேலும் இருபது ஆண்டு வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றினால் காலமானார். அதே 1982இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டப்படி, சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு அடையாறு மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. கூல்டு கண்ட கணக்கு போன்றவற்றை நம் நாட்டார்க்கென உண்டாக்கும் முதல் முயற்சிகளுள் அது ஒன்று. ஆனால் அது சென்னை நகரத்தாரை மட்டுமே எண்ணியது. சாத்தூர்க்காரருடைய கட்டி அத்தகைய பதிவேட்டில் ஏற, தமிழ்நாடு முழுமைக்குமான பதிவுத் திட்டம் 2012இல் வரும்வரை முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

எண்ணுவதற்கும் முன்னே நோயின் பெயர் சரியாக இருக்க வேண்டும். இரைப்பையின் சுவரிலும் குடலின் சுவரிலும் தோன்றும் ஒருவகைக் கட்டியைத் தசைப்புற்று என்றே உலகெங்கும் நெடுங்காலம் கருதிவந்தனர், தசைப்புற்றுக்குரிய மருந்தைக் கொடுத்தனர், அது கேட்கவில்லை. 1998இல் ஜப்பானில் ஹிரோட்டா என்பவரும் அவரது தோழரும் அக்கட்டியில் கிட் என்னும் மரபணு பழுதுற்றிருப்பதைக் கண்டு வெளியிட்ட பின்னரே, இது ஜிஸ்ட் என்னும் தனி நோய் என்பது உறுதிப்பட்டது. மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய சதைத் துணுக்குகளை ஆய்வுக்கூடங்களில் மீண்டும் எடுத்து அறுத்துப் பார்த்தபோது, தசைப்புற்று என்று எழுதப்பட்டவற்றுள் பல ஜிஸ்டாக மாறின. நீடித்த இரத்தப் புற்றாகிய சி.எம்.எல். வகைக்கென உண்டாக்கிய இமாடினிப் மாத்திரை, 2001 மே மாதம் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, அடுத்த ஆண்டே ஜிஸ்டுக்கும் பயன்படலாயிற்று. ஒரு நோய்க்குச் செய்த மருந்து இன்னொன்றுக்குப் பொருந்திய செய்தி, பெயர் தவறாக எழுதிய காகிதத்தை வைத்திருந்தவர்க்கு எப்படி எட்டும்? சாத்தூரில் அத்தகைய காகிதம் ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள் ஸ்கேன் படத்தோடு பத்திரமாக இருக்கும். அதில் உள்ள சொல் ஐந்து ஆண்டில் பழசாகிவிடும் என்று ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்.

இணையம் இந்தியப் பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்டு 15இல் திறந்துவிடப்பட்டது. அமெரிக்க அரசின் மருத்துவ நூலகம் தன் ஆராய்ச்சிக் கட்டுரைப் பட்டியலை 1997இல் உலகத்தார் எவர்க்கும் இலவசமாக்கியது. கூல்டு நடந்து சென்ற நூலகத்தின் வாசல், சிற்றூர்ப் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தியவர்க்கும் திறந்தது என்று சொல்லலாம்; உள்ளே இருந்தவை ஆங்கிலத்தில் இருந்தன என்பது வேறு. நோயாளிகள் ஒருவரையொருவர் கண்டுகொண்டதே இணையத்தின் பெரிய உபகாரம். இமாடினிப் இன்னும் சோதனையில் இருந்த 1999இல், போதிய மருந்து செய்யப்படவில்லை என்று கேள்வியுற்ற மான்ட்ரியல் நகரத்து சி.எம்.எல். நோயாளிப் பெண் ஒருவர் ஆயிரக்கணக்கானோரின் கையொப்பத்தை இணையம் வழியே திரட்டி நோவார்ட்டிஸ் கம்பெனியின் தலைவருக்கு அனுப்பினார், உற்பத்தி பெருக்கப்பட்டது. அதே நோயால் பதினேழு வயதில் மறைந்த மாக்ஸ் என்னும் பையனின் நினைவாக அமெரிக்காவில் 1997இல் தோன்றிய மாக்ஸ் ஃபவுண்டேஷன், பின்னர் அக்கம்பெனி ஏழைகளுக்கு இலவசமாகத் தந்த மருந்தை இந்தியாவில் சேர்ப்பிக்கும் பொறுப்பை ஏற்றது. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மாக்ஸ் என்று ஒரு நோயாளர் குழுவும் இங்கே உருவாயிற்று. மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள், முன்னால் நிற்பவர்க்கும் தம் வியாதியே என்று கண்டு பேசத் தொடங்கியதை எந்த நிர்வாகியும் திட்டமிட்டிருக்க முடியாது.

அவ்வரிசை நீண்டதற்கும் குறைந்ததற்கும் சென்னையே களமாக அமைந்தது. இமாடினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு உரிமை கோரி நோவார்ட்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனுச் செய்திருந்தது. 2003இல் அதற்குத் தனி விற்பனை உரிமை கிடைக்க, அதன் பலத்தில் சென்னை உயர்நீதிமன்றத் தடையுத்தரவு பெறப்பட்டு, இந்தியக் கம்பெனிகள் சிலவற்றின் மாத்திரை கடையிலிருந்து மறைந்தது. மாதத்துக்குச் சுமார் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைத்ததற்கும், ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் மருந்துக்கும் உள்ள தூரத்தைத் தீப்பெட்டி ஆபீசில் கூலி வாங்குபவரின் கண்கொண்டு பார்க்க வேண்டும். மும்பையின் கேன்சர் பேஷண்ட்ஸ் எய்டு அசோசியேஷன் எதிர்மனுச் செய்தது. 2006 ஜனவரியில் காப்புரிமை மறுக்கப்பட்டது. 2007 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் கம்பெனியின் வழக்கைத் தள்ளியது. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்சநீதிமன்றம் முடிவாகத் தீர்ப்பளித்தது. இவ்வழக்கினால் விளைந்த பலன் விலை மட்டுமன்று. அபூர்வ நோய் ஒன்றின் பெயரும் அதன் மருந்தின் பெயரும் தமிழ்ப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்து, மஞ்சள் பைக்குள் இருந்த காகிதத்தைச் சிலர் மறுபடி எடுத்துப் பார்க்கும்படி செய்தன.

பிற்பாடு கைப்பேசி வந்தது. நித்தியகல்யாணியின் இடத்தில் முள்சீத்தாப்பழம் வந்தது. மருந்தைவிடப் பதினாயிரம் மடங்கு வல்லது என்று அப்பழத்தைப் புகழும் வாட்ஸாப் செய்தியில் எழுதியவர் பெயர் இராது, தேதி இராது, யாருக்கு உதவாது என்னும் வாசகம் ஒருபோதும் இராது. நம்பத்தக்க மருத்துவக் குறிப்போ, தனக்குத் தெரியாததையும் எழுதிவைக்கும். பட்டாசுத் தொழிற்சாலை மருந்துதான் காரணம் என்று இந்த வட்டாரத்தில் எந்தக் கட்டிக்கும் எளிதாகச் சொல்லிவிடுவர்; ஜிஸ்டைப் பொறுத்தமட்டில் அப்படி ஒரு புறக்காரணம் இதுவரை நிறுவப்படவில்லை. அத்தொழிலில் கைகால் இழந்தவர்களையும் உயிர் இழந்தவர்களையும் பற்றிச் சொல்ல வேண்டிய உண்மையே நிறைய இருக்கும்போது, இல்லாததை அதன் தலையில் கட்டுவது நியாயமுமன்று.

2012இல் டாடா நினைவு மருத்துவமனையின் முயற்சியால் அமைந்த தேசியப் புற்றுநோய் இணைப்பில் இன்று முந்நூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்திருக்கின்றன. மும்பைக்குப் பயணப்படாமலே காகிதங்களை இணையத்தில் அனுப்பி நிபுணரின் கருத்தைப் பெறவும் நவ்யா என்னும் ஏற்பாட்டின் வழியே இயலுகிறது. அதே ஆண்டு வந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செலவைத் தாங்குகிறது. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எனினும் நிபுணர் கேட்பது காகிதத்தை மட்டுமன்று, சதைத் துணுக்கைப் பதித்த விரல்நுனியளவு மெழுகுக் கட்டையையும். அறுவை நடந்த இடத்தில் அதைக் கேட்டு வாங்கிவர வேண்டும் என்பதும், வெயிலில் வைத்தால் உருகும் என்பதும், சாத்தூரில் தற்போது எப்படிப் பரவுகின்றன என்றால், மதுரைக்குப் போய்வந்தவர் வாய்ச்சொல்லாகத்தான்.