தாய்வழி விதியும் விடுதலை மனுக்களும்: செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் அடிமைப்பட்ட பெண்கள் (1805–1857)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் மிசௌரிப் பகுதியில் அடிமைப்பட்டோர் தங்கள் விடுதலையைக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்யச் சட்டம் இடமளித்தது. அவ்வாறு தொடுக்கப்பட்ட வழக்குகளில் ஏறத்தாழ 300 வழக்குகளின் ஆவணங்கள் செயின்ட் லூயிஸ் வட்ட நீதிமன்றப் பதிவேடுகளில் கிடைத்துள்ளன. பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே பெறும் என்னும் விதி, அடிமை உரிமையாளரின் நலனுக்காக இயற்றப்பட்டது. அவ்விதியையே தம் பிள்ளைகளின் விடுதலைக்கு உரிய வழியாக அடிமைப்பட்ட பெண்கள் மாற்றிக்கொண்ட முறையையும், 1852க்குப் பின் அவ்வழி அடைபட்ட சூழலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: அடிமைமுறை, விடுதலை மனு, தாய்வழி விதி, மிசௌரி, வின்னி, லூசி டிலேனி, ஹாரியட் ஸ்காட்

முன்னுரை

அடிமைமுறையைப் பற்றிய வரலாற்றெழுத்தில் தப்பியோட்டமும் கிளர்ச்சியும் பெற்ற இடத்தை நீதிமன்ற மனுக்கள் நீண்ட காலம் பெறவில்லை. அடிமையை உடைமை என்று வரையறுத்த அதே சட்டம், குறிப்பிட்ட சூழலில் அவரை வழக்காடத் தகுதியுள்ள மனிதராகவும் ஏற்றது. இம்முரண் அளித்த சிறிய இடைவெளிக்குள் நுழைந்தவர்களில் பெண்கள் முதன்மையானவர்கள். ஒரு பெண் வென்றால் அவளுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடுதலைக்கு உரிமை கோரலாம். அவள் தோற்றால் அவர்கள் அனைவரின் அடிமைநிலையும் உறுதிப்படும். ஆகவே பெண்ணொருத்தியின் மனு, பெயரளவில் தனிமனித வழக்காக இருப்பினும், விளைவில் ஒரு மரபுவழியின் வழக்காகவே அமைந்தது.

தாய்வழி விதியின் தோற்றம்

ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி குழந்தை தந்தையின் நிலையைப் பெறும். இதனை அடிப்படையாகக் கொண்டு வர்ஜீனியாவில் எலிசபெத் கீ என்னும் பெண் விடுதலை கோரினார். அவருடைய தந்தை ஆங்கிலேயர், தாய் ஆப்பிரிக்கர். கீழ் நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றி மேல்முறையீட்டில் பறிபோயினும், விவகாரம் குடியேற்றச் சட்டமன்றம்வரை சென்று, 1656இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. ஆறு ஆண்டுகளுக்குப்பின், 1662இல், அதே வர்ஜீனியாவின் சட்டமன்றம் குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டமியற்றியது. ஆண் உரிமையாளர் தம் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் அவருடைய உடைமையாயிற்று. பின்னர் இவ்விதி அடிமைமுறை நிலவிய பகுதிகள் அனைத்திலும் பரவியது. அடிமைப் பெண்ணின் கருப்பையையே உடைமைப் பெருக்கத்தின் ஊற்றாக்கிய விதி இது.

ஆயினும் இவ்விதியின் தருக்கம் இருமுனையுடையது. தாய் அடிமையானால் சேயும் அடிமை என்பது உண்மையாயின், சேய் பிறந்தபோது தாய் விடுதலைக்கு உரியவளாக இருந்தாள் என்று நிறுவினால் சேயும் விடுதலைக்கு உரியதாகும். மிசௌரியின் மனுதாரர்கள் பற்றிக்கொண்டது இந்த மறுமுனையையே.

மனுச் செய்யும் முறையும் அதன் இடர்களும்

1807இல் லூசியானா ஆட்சிப்பகுதியில் இயற்றப்பட்ட சட்டம், அடிமையாக வைக்கப்பட்டிருக்கும் எவரும் தம்மை வறியவராகப் பதிந்துகொண்டு விடுதலைக்கு மனுச் செய்ய வழிவகுத்தது. மிசௌரி மாநிலமான பின், 1824இல் இதே நோக்கத்துடன் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. மனுவில் முகாந்திரம் இருப்பதாக நீதிபதி கருதினால் வழக்கறிஞரை நீதிமன்றமே அமர்த்தும். மனுதாரர் தம் வழக்கறிஞரைச் சந்திக்க இடையூறு செய்யலாகாது. மனுச் செய்த காரணத்துக்காக அவரைத் துன்புறுத்தலாகாது. நீதிமன்றத்தின் ஆள்வரைக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது என்று ஆணை பிறப்பிக்கப்படும். இறுதியாகச் சுட்டிய பாதுகாப்பே உயிர்நாடியானது. மிசிசிப்பி ஆற்றின் வழியே தெற்கிலுள்ள சந்தைகளுக்குக் கொண்டுசென்று விற்றுவிட்டால் வழக்கு அத்துடன் முடிந்துவிடும்.

வழக்கின் வடிவம் அத்துமீறல், தாக்குதல், சட்டவிரோதச் சிறைவைப்பு ஆகிய குற்றச்சாட்டுகளைக் கொண்டது. தாம் சுதந்திரமான மனிதர் என்றும், பிரதிவாதி தம்மைத் தாக்கி அடைத்துவைத்திருக்கிறார் என்றும் மனுதாரர் கூறுவார். 'இவர் என் அடிமை. ஆதலால் இது குற்றமன்று' என்பது பிரதிவாதியின் விடையாக அமையும். அதன்பின் விடுதலையா அடிமைத்தனமா என்னும் வினாவை வெள்ளையரான ஆண்கள் மட்டுமே அடங்கிய ஜூரி தீர்மானிக்கும்.

மெய்ப்பிக்கும் பொறுப்பு கறுப்பின மனுதாரரையே சார்ந்தது. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லச் சட்டம் இடந்தரவில்லை. எனவே எந்த ஆண்டில் எந்த ஊரில் எத்தனை காலம் தாம் வைக்கப்பட்டிருந்தார் என்பதை வெள்ளையரான அண்டை வீட்டாரையோ படைவீரரையோ கொண்டே நிறுவ வேண்டியிருந்தது. மனுக்களை எழுதியவர்கள் வழக்கறிஞர்கள். மனுதாரர்களில் பெரும்பாலோர் கையெழுத்துக்கு மாற்றாகக் குறியிட்டனர். மனுக்களின் வாசகம் வாய்பாட்டுத் தன்மையுடன் இருப்பதற்கு இதுவே காரணம். எனினும் அவ்வாய்பாட்டுக்குள் இடம்பெறும் ஊர்ப்பெயர்களும் காலக்கணக்கும் மனுதாரரின் நினைவிலிருந்து வந்தவை. எழுதப்படிக்க மறுக்கப்பட்டோர் தம் வாழ்வின் பயணத்தைச் சான்றாகக் காத்துவைத்தனர்.

வின்னியும் சிப்பியோன் குடும்பமும்

1787ஆம் ஆண்டின் வடமேற்கு அவசரச் சட்டம் ஒகையோ ஆற்றுக்கு வடமேற்கிலிருந்த நிலப்பகுதியில் அடிமைமுறையைத் தடைசெய்தது. மிசிசிப்பியின் கீழ்க்கரையிலுள்ள இல்லினாய் இத்தடைக்குட்பட்டது. மேற்கரையிலுள்ள செயின்ட் லூயிஸ் அடிமைமுறை நிலவிய நகரம். ஆற்றைக் கடந்து குடிபெயர்ந்த உரிமையாளர்கள் தம் அடிமைகளையும் உடன் கொண்டுசென்றமையே பல வழக்குகளுக்கு அடிப்படையாயிற்று.

வின்னி என்னும் பெண்ணை ஒயிட்சைட்ஸ் குடும்பத்தார் கரோலினாவிலிருந்து இல்லினாய்க்குக் கொண்டுவந்து, சில ஆண்டுகள் அங்கே வைத்திருந்து, பின் மிசௌரிக்கு அழைத்துச் சென்றனர். அவர் தொடுத்த வழக்கில் 1822இல் ஜூரி அவருக்குச் சாதகமாக முடிவளித்தது. 1824இல் மிசௌரி உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அடிமையுடன் தடைப்பகுதியில் குடியிருந்த உரிமையாளர் தம் உரிமையை இழக்கிறார். அப்பகுதி வழியே பயணம் மட்டும் செய்தவர் இழப்பதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒருமுறை விடுதலை பெற்றவர் மீண்டும் அடிமையாகார் என்னும் நெறி இதனால் மாநிலத்தில் வேரூன்றியது. வின்னியின் பிள்ளைகளும் தாயின் உரிமையைச் சுட்டித் தனித்தனியே வழக்காடினர். 1836இல் ரேச்சல் என்னும் பெண்ணின் வழக்கில் இந்நெறி மேலும் விரிந்தது. அரசின் ஆணைப்படி தடைப்பகுதிக்குச் சென்ற படை அதிகாரியும், அங்கு அடிமையை வைத்திருந்தால் உரிமையை இழப்பார் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது.

இடத்தை அடிப்படையாகக் கொண்ட இவ்வாதத்துக்கு முன்பே மரபுவழியை அடிப்படையாகக் கொண்ட வாதமும் எழுந்தது. மேரி சிப்பியோன் என்பவரின் தாய் நாச்செஸ் பழங்குடிப் பெண், தந்தை ஆப்பிரிக்கர். ஸ்பானிய ஆட்சியின்போது, 1769இல், பழங்குடி மக்களை அடிமைகொள்வதைத் தடைசெய்து ஆளுநர் ஓ'ரெய்லி ஆணையிட்டிருந்தார். தாய்வழிப் பாட்டி பழங்குடியினர் ஆதலால் அவ்வழியினரை அடிமைகொள்ளல் தகாது என்று மேரியின் மகள்கள் 1805இல் வழக்கைத் தொடங்கினர். முதலில் கிடைத்த சாதகமான முடிவு நிலைக்கவில்லை. 1824ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் மகள்களுள் ஒருவரான மார்கெரித், செயின்ட் லூயிஸின் செல்வாக்குமிக்க ஷூட்டோ குடும்பத்தாருக்கு எதிராக மீண்டும் வழக்காடினார். வழக்கு பிற மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு, 1836இல் ஜூரி விடுதலையை உறுதிசெய்தது. 1838இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. மேரி சிப்பியோனின் வழித்தோன்றல்கள் தம் உரிமையை நிலைநாட்ட 30 ஆண்டுகளுக்கு மேலாயின.

தாயின் வழக்கும் மகளின் வழக்கும்

தாய்வழி விதியின் மறுமுனை மிகத் தெளிவாகப் புலப்படுவது பாலி வாஷ், லூசி ஆகியோரின் வழக்குகளில்தான். இல்லினாயில் வைக்கப்பட்டிருந்ததைக் காட்டிப் பாலி 1839இல் தமக்கு விடுதலை கோரினார். அவ்வழக்கு நிலுவையிலிருக்கும்போதே, 1842இல், மகளின் சார்பில் வழக்காடுபவராக நின்று லூசிக்கும் மனுச் செய்தார். 1843இல் பாலி விடுதலை பெற்றார். லூசி பிறந்தபோதே பாலி சட்டப்படி விடுதலைக்கு உரியவராக இருந்தார் என்பதால் லூசியும் அடிமையாகார் என்பது மகளின் வழக்கின் வாதம். லூசி பாலியின் மகளே என்று முன்னாள் உரிமையாளரும் மிசௌரி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவருமான இராபர்ட் வாஷ் சாட்சியம் அளித்தார். பின்னாளில் ஆபிரகாம் லிங்கனின் அமைச்சரவையில் தலைமை வழக்குரைஞரான எட்வர்டு பேட்ஸ் சிறுமிக்காக வாதாடினார். 1844இல் லூசி விடுதலையானார்.

வழக்கு முடியும்வரை 17 மாதங்கள் லூசி சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். மனுதாரரைப் பாதுகாக்கும் ஏற்பாடு, பதின்பருவச் சிறுமி ஒருத்திக்குச் சிறைவாசமாக விளைந்தது. பின்னர் லூசி டிலேனி என்னும் பெயரில் ஏறத்தாழ 1891இல் அவர் வெளியிட்ட தன்வரலாறு, விடுதலை வழக்கைத் தொடுத்தவரே எழுதிய ஒரே நூலாக அறியப்படுகிறது. நீதிமன்ற வாய்பாட்டுக்குள் அடங்காத அச்சமும் குளிரும் தாயைப் பிரிந்த துயரும் அந்நூலின்வழியே பதிவாயின.

ஹாரியட் ஸ்காட்: மறைந்துபோன மனு

1846 ஏப்ரல் 6 அன்று டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் ஐரீன் எமர்சனுக்கு எதிராகத் தனித்தனி மனுக்களைத் தாக்கல்செய்தனர். படை மருத்துவரான ஜான் எமர்சன் டிரெட்டை இல்லினாய்க்கும் பின்னர் ஸ்னெலிங் கோட்டைக்கும் கொண்டுசென்றிருந்தார். அக்கோட்டைப் பகுதியில் வாழ்ந்தபோதே டிரெட்டும் ஹாரியட்டும் மணம்புரிந்தனர். ரேச்சல் வழக்கின் முன்தீர்ப்பு இவர்களுக்கு அப்படியே பொருந்துவது.

இவர்களுக்கு எலைசா, லிசி என்னும் இரு மகள்கள். லிசி பிறந்தது மிசௌரியில். தாய்வழி விதிப்படி, ஹாரியட் முன்னரே விடுதலைக்கு உரியவர் என்று நிறுவப்பட்டால் மட்டுமே லிசியின் விடுதலை உறுதியாகும். டிரெட்டின் வெற்றி மகள்களுக்கு எவ்வுரிமையையும் தராது. ஆகவே குடும்பத்தின் எதிர்காலம் ஹாரியட்டின் மனுவையே சார்ந்திருந்தது. ஆயினும் டிரெட்டின் வழக்கில் கிடைக்கும் முடிவே ஹாரியட்டின் வழக்குக்கும் பொருந்தும் என்று 1850இல் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. வரலாற்றில் கணவரின் பெயர் மட்டும் நிலைக்க இதுவும் ஒரு காரணமாயிற்று.

1850இல் ஜூரி விடுதலையளித்தது. 1852இல் மிசௌரி உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் அதனை மாற்றியது. பிற மாநிலங்களின் அடிமை எதிர்ப்புச் சட்டங்களை மிசௌரி செயற்படுத்தத் தேவையில்லை என்றும், காலம் மாறிவிட்டது என்றும் நீதிபதி வில்லியம் ஸ்காட் எழுதினார். மனுச் செய்யும் உரிமையை வழங்கிய சட்டம் நீக்கப்படவில்லை. அதற்கு உயிரளித்த நெறியை நீதிமன்றமே கைவிட்டது. நிலைபெற்ற முன்தீர்ப்புகளை அரசியல் சூழல் மாற்றலாகாது என்று நீதிபதி ஹாமில்டன் கேம்பிள் மறுப்புத் தீர்ப்பு அளித்தார். பின்னர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கில், 1857 மார்ச் 6 அன்று, ஏழுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையில் ஸ்காட் தோற்றார். ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் அமெரிக்கக் குடிமக்களாகார் என்றும், ஆட்சிப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடைசெய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும் தலைமை நீதிபதி ரோஜர் டேனி அறிவித்தார். அதே ஆண்டு மே 26 அன்று டெய்லர் புளோ என்பவரின் விடுதலைப் பத்திரத்தின்வழியே ஸ்காட் குடும்பத்தார் விடுதலை பெற்றனர். 16 மாதங்களுக்குள் டிரெட் ஸ்காட் மறைந்தார். ஹாரியட் 1876வரை வாழ்ந்தார்.

முடிவுரை

விடுதலை மனுக்கள் அடிமைமுறையின் அடித்தளத்தைக் கேள்விக்குட்படுத்தவில்லை. ஒவ்வொரு மனுதாரரும் தாம் முறைகேடாக அடிமைப்படுத்தப்பட்டவர் என்றே வாதாட நேர்ந்தது. முறைப்படி அடிமையாக்கப்பட்டவர் எனச் சட்டம் கருதியவருக்கு அங்கே இடமில்லை. இவ்வெல்லைக்குள் நின்றே பெண்கள் தம் உடலின்மீது சுமத்தப்பட்ட விதியைப் பிள்ளைகளின் கேடயமாக்கினர். அக்கேடயத்தின் வலிமை நீதிபதிகளின் மனப்போக்கைச் சார்ந்திருந்தமையை 1852ஆம் ஆண்டுத் தீர்ப்பு வெளிப்படுத்தியது. 1865இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இல் 14ஆம் திருத்தம், அந்நாட்டில் பிறந்து அதன் ஆட்சிக்குட்பட்ட அனைவரையும் குடிமக்களாக்கியது. 1662 முதல் தாயின் நிலையைக் கொண்டு குழந்தையின் நிலையை வரையறுத்த விதி வீழ்ந்து, பிறந்த மண்ணே உரிமைக்கு அடிப்படையாயிற்று. வின்னியும் பாலியும் ஹாரியட்டும் தம் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு வழக்காகப் போராடிக் கோரியது பொதுவிதியாக மாற உள்நாட்டுப் போர் ஒன்று தேவைப்பட்டது.