வாவிக்கரையிற் காலைக் கஞ்சி

மட்டக்களப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோயில்களையும் கோட்டையையும் குடிவழிகளையும் விரித்து எழுதினர். அந்நாட்டு மக்கள் விடியற்காலையில் எதனை உண்டு வயலுக்குச் சென்றனர் என்பதை எழுதியோர் மிகச் சிலரே. கஞ்சி ஏட்டில் ஏறுவது பெரும்பாலும் பஞ்சம் வந்தபோதுதான். ஏழைக்கு ஊற்றுவது, நோயாளிக்குப் புகட்டுவது என்ற அளவிலேயே அதன் பெயர் நிற்கின்றது. நெல் மலிந்த வாவிக்கரையைப் பொறுத்தவரை இக்கருத்துப் பொருந்தாது என்பதை இங்கு எடுத்துக்காட்ட விழைகின்றேன்.

சொல்லின் வரலாற்றிலேயே இந்த இழிவு தொடங்கிவிடுகின்றது. பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் ஆறுபோல ஓடும் கஞ்சி, சோறு வடித்த நீரேயாகும். அது செல்வத்தின் அறிகுறி. 1563இற் கோவாவில் அச்சேறிய கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூலிலோ அச்சொல் மிளகும் சீரகமும் சேர்த்து நோயாளிக்குக் கொடுக்கும் அரிசிநீரைக் குறிக்கின்றது. பின்வந்த ஆங்கிலேயப் படையினர் தம் படைக் காவற்கூடத்தைக் 'கஞ்சி வீடு' என்றே வழங்கினர். அங்கு அடைபட்டோர்க்குக் கிடைத்த உணவு அது.

இனி வாவிக்கு வருவோம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் கிழக்கே, ஞாயிறு எழும் பக்கம், எழுவான்கரை. மேற்கே, ஞாயிறு படும் பக்கம், படுவான்கரை. நெல்வயலும் எருமைப் பட்டியும் படுவான்கரையின் செல்வங்கள். கடலை அடுத்த எழுவான்கரை மணலிலோ தென்னை செழித்தது. ஒரு பானைப் பாற்கஞ்சியில் இவ்விரு கரைகளும் கலந்தன என்று கூறுவது மிகையன்று. அரிசி ஒரு கரையினது, தேங்காய் மறு கரையினது, இடையே தோணி.

சமைக்கும் முறையும் எளிதன்று. புழுங்கலரிசி மணி மணியாக நிற்கும். குழைந்து கூடி வராது. ஆகவே சிவப்புப் பச்சையரிசியை, அதிலும் குறுணலை, விரும்பி எடுப்பர். ஒரு சுண்டு குறுணலுக்கு எட்டுச் சுண்டு அளவில் நீர் வேண்டும். உள்ளிப் பற்கள் சிலவற்றை உடன் இட்டு, அடிப்பிடியாமற் கிளறி, அரிசி உடைந்து மாப்பொருள் நீரிற் கரைந்த பின்னர் இரண்டாம் பாலை ஊற்றுவர். தலைப்பால் சேர்வது அடுப்பைத் தணித்த பிறகே. அது கொதித்தாற் பால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். கஞ்சியின் வழுவழுப்பு முழுவதும் இந்தப் பொறுமையிலேதான் இருக்கின்றது. போடியார் வீட்டிலும் இதுவே கஞ்சி. அவர் வயலிற் பாடுபட்ட முல்லைக்காரர் வீட்டிலும் இதுவே. பாலின் அளவிலேதான் வேறுபாடு தெரிந்தது. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் மக்களின் நோன்புக் கஞ்சியும் வறுமையின் உணவன்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1953ஆம் ஆண்டு பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. நெல் விளையும் நாட்டிலேயே காலை உணவின் இடத்தைக் கோதுமை மாவும் பாணும் சிறிது சிறிதாகப் பற்றிக்கொண்டன. கஞ்சி என்னும் சொல்லை மேற்கே எடுத்துச் சென்ற போர்த்துக்கேயரே 'பாண்' என்னும் சொல்லை நமக்கு விட்டுச் சென்றனர் என்பது வேடிக்கைதான்.

போர் வந்தபோது கஞ்சி மீண்டும் பஞ்சத்தின் பெயராயிற்று. 2009இல் முள்ளிவாய்க்காலில் மக்கள் அரிசியும் நீரும் உப்புமாகக் காய்ச்சிக் குடித்தது இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் நினைவுக் கஞ்சியாகப் பகிரப்படுகின்றது. அந்நினைவு காக்கப்படவேண்டியதே. ஆயினும் அதன் நிழலில், நிறைந்த வீட்டின் காலைக் கஞ்சி மறைந்துபோவதையும் வரலாறு எழுதுவோர் குறித்து வைத்தல் வேண்டும்.

இப்பொழுது வாவிக்கரைக் கடைகளில் ஓட்ஸ் பொதிகள் தொங்குகின்றன. அதுவும் பழி சுமந்த தானியமே. 1755இல் வெளிவந்த தம் அகராதியில் யோன்சன் அதனை இங்கிலாந்திற் குதிரைக்கும் ஸ்கொத்லாந்தில் மக்களுக்கும் உரிய தீனி என்று எள்ளினார். குளிர்நாட்டுப் பயிராகிய அது நம் மண்ணுக்கு உரியதன்று. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பின்னர், படகுப்பாதைக்குக் காத்திராமலே அது படுவான்கரைக்குச் சென்று சேர்கின்றது. அங்குள்ள சில வீடுகளில் ஓட்ஸை வேகவைத்து, அடுப்பைத் தணித்து, இறுதியிலே தலைப்பாலை ஊற்றுகின்றார்கள்.