தண்ணீர் அறிக்கைக்கு ஒரு பயிர் உரை

தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் கைக்கு வருவது ஒரு தாள். அதில் நம் தண்ணீரின் அளவுகள் இருக்கும். பக்கத்தில் எஸ்எல்எஸ் 614 என்ற இலங்கைக் குடிநீர் நியமம் விதித்த எல்லைகள் இருக்கும். 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின் எல்லைகளையே கீழே தருகிறேன். அவை குடிக்கிறவருக்காக வகுக்கப்பட்டவை. வன்னியில், ஒட்டுசுட்டானில் வலைவீடு போட்டு, தும்புச்சோற்றுப் பையில் கறிமிளகாயும் தக்காளியும் வைத்திருப்பவர் அதே தாளை வேறு கண்ணால் வாசிக்க வேண்டும்.

*நிறம், கலங்கல்*

சொட்டுநீர்க் குழாய் அடைபடாமல் இருக்க ஒரு வடிகட்டி போட்டால் போதும். மேலே போவோம்.

*பிஎச்: 6.5 முதல் 8.5 வரை*

எல்லாரும் முதலில் தேடுகிற வரி இது. ஆளை ஏய்க்கிற வரியும் இதுதான். தும்புச்சோற்றில் நிற்கும் வேருக்கு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. 7ஐத் தாண்டினால் பசளையில் இருக்கும் இரும்பு கரைசலில் நிற்காது. வேர் அதை எடுக்க முடியாமல் தவிக்கும். குருத்திலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நைதரசன் குறைந்தால் மஞ்சள் அடியிலையில் தொடங்கும். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் அதிகம்.

ஆனால் தாளில் 7.2 என்று இருப்பதைப் பார்த்து மகிழவும் வேண்டாம், 8 என்று இருப்பதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். குழாய்க்கிணற்றிலிருந்து இப்போதுதான் இறைத்த தண்ணீரில் காபனீரொட்சைட்டு கரைந்திருக்கும். தாங்கியில் ஒரு நாள் நின்றால் அது வெளியேறும், பிஎச் தானாக ஏறும். கிணறும் தண்ணீரும் அதேதான், எண் மட்டும் வேறு.

*மொத்தக் காரத்தன்மை: லீற்றருக்கு 200 மில்லிகிராம்*

உரைக்கு உரிய வரி இதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் இருகாபனேற்று எவ்வளவு என்பதை, அதாவது விடுகிற அமிலத்தை அந்தத் தண்ணீர் எவ்வளவு விழுங்கும் என்பதை, இது சொல்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு போத்தலில் மழைநீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். நன்றாக ஐதாக்கிய அமிலத்தை இரண்டிலும் துளித்துளியாக விடுங்கள். மழைநீர் சில துளியிலேயே 4க்கு விழுந்துவிடும். குழாய்த் தண்ணீர் கடன்காரனைக் கண்ட ஆள் போல, அசையாமல் 7க்குப் பக்கத்திலேயே நிற்கும். பிறகு ஒரு கட்டத்தில் திடீரென்று சரியும். தொடங்கும்போது இரண்டின் பிஎச்சும் ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்கலாம்.

தோட்ட மண்ணில் களியும் மக்கும் இருப்பதால் இந்தக் காரத்தை அது நெடுநாள் சமாளிக்கும். பைக்குள் இருக்கும் கொஞ்சத் தும்புச்சோற்றுக்கு அந்தத் தெம்பு இல்லை. நாளுக்குப் பலதரம் தண்ணீர் விட விட, பைக்குள் பிஎச் கிழமைக்குக் கிழமை ஏறும். நாற்றுத்தட்டுக்கு 100 மில்லிகிராமே அதிகம்.

குடிநீருக்கான உச்சமான 200ஐயே கணக்குக்கு எடுப்போம். 50ஐ விட்டுவைத்து மிச்சம் 150ஐ நடுநிலையாக்க, 1000 லீற்றருக்கு 60 வீத நைத்திரிக் அமிலம் ஏறத்தாழ 230 மில்லிலீற்றர் வேண்டும். அதனால் லீற்றருக்கு 42 மில்லிகிராம் நைதரசனும் சேரும். அதைப் பசளையில் கழிக்க வேண்டும். 85 வீதப் பொஸ்போரிக் அமிலமானால் 200 மில்லிலீற்றர் அளவு போதும். ஆனால் லீற்றருக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் பொசுபரசு வந்துவிடும், பயிருக்கு அதில் பாதியே போதும். தேசிக்காய்ச் சாறு விடலாமா என்று கேட்பார்கள். விடலாம், நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்ததும் பிஎச் திரும்ப ஏறும்.

ஒழுங்கு முக்கியம். முதலில் அமிலம், பிறகு பசளை, கடைசியில் அளவு பார்ப்பது. அல்பேட் என்ற கலவைப் பசளையைக் கரைத்ததும் பிஎச் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதால் முந்தி எடுத்த அளவு உதவாது. அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும். அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம்.

*மொத்த வன்மை: 250 மில்லிகிராம்*

கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துவிட்டு இதைப் பகையாக நினைக்கிறோம். வன்மை என்பது கல்சியமும் மக்னீசியமும். இரண்டும் பயிருக்குச் சாப்பாடு. மேலே சொன்ன காரத்தன்மையோடு இதைக் குழப்பக் கூடாது.

*குளோரைட்டு: 250 மில்லிகிராம்*

கரையோரத்துக் கிணறுகளில் பார்க்க வேண்டிய வரி. உப்பை எந்த அமிலமும் எடுக்காது.

*இரும்பு: 0.3 மில்லிகிராம்*

வேடிக்கையான வரி. குடிக்கிறவருக்கு 0.3 உச்சம், தக்காளிக்கான கரைசலிலோ நாமே 1 முதல் 3 வரை சேர்க்கிறோம். கிணற்று இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகப் படிந்துவிடும் என்பதால் அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

*எஞ்சிய குளோரீன்: 1 மில்லிகிராம்*

இரவு திறந்து வைத்தால் போய்விடும்.

அமிலம் வாங்க ஓடுமுன் கூரையைப் பாருங்கள். மழைநீரில் காரத்தன்மை இல்லையென்றே சொல்லலாம்; சரிபாதி கலந்தால் 200 என்பது 100 ஆகும். ஐப்பசி முதல் தை வரை வன்னிக்கு மழை உண்டு, கோடைக்குத் தேக்கி வைக்கத்தான் தாங்கி வேண்டும். கைக்குள் வைக்கும் மீற்றர் பிஎச்சை மட்டுமே காட்டும். ஆகவே தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும்போது மொத்தக் காரத்தன்மையும் வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள்.