குறும்புக்கு மருந்து உண்டா?



வரலாறு என்றவுடன் அரசர்களின் பட்டங்களும் போர்க்களங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. தொட்டிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அழுகின்ற குழந்தையை, ஓரிடத்தில் நில்லாது ஓடுகின்ற குழந்தையை, சொன்ன சொல் கேளாத குழந்தையை அடக்குவதற்குப் பெரியவர்கள் எந்தெந்தக் காலத்தில் என்னென்ன கொடுத்தார்கள் என்பது அந்த வரலாற்றில் ஓர் அதிகாரம். அதைப் பற்றியே பேச விரும்புகிறேன். திருவரங்கத்தில் தொடங்கி, பிற நாடுகளுக்குச் சென்று, திருச்சிராப்பள்ளிக்குத் திரும்புவோம். வழி நெடுகிலும் ஒரு கேள்வியை மட்டும் மறவாதிருப்போம்: கொடுக்கப்பட்ட மருந்து குழந்தையின் நோய்க்கா, அல்லது பெரியவர்களின் தொல்லைக்கா?

திருவரங்கம் கோயிலில் தன்வந்திரிக்கு ஒரு சந்நிதி இருப்பதை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். அச்சந்நிதிக்குப் பின்னால் ஒரு வைத்தியசாலையின் கதை இருக்கிறது. போசள மன்னன் வீரராமநாதனின் ஆட்சியில், 1257-ஆம் ஆண்டளவில், சிங்கண்ண தண்டநாயகர் என்பவர் இங்கே ஓர் ஆரோக்கியசாலையை ஏற்படுத்தினார். கருடவாகன பண்டிதர் என்னும் மருத்துவரிடம் அது ஒப்புவிக்கப்பட்டது. பின்வந்த குழப்பக் காலத்தில் சிதைவுற்ற அந்நிலையத்தை, அவர் மரபில் வந்தவரே 1493-இல் புதுப்பித்துத் தன்வந்திரியையும் எழுந்தருளுவித்தார் என்று கல்வெட்டு கூறுகிறது. இதற்கும் முற்பட்டது, காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராஜேந்திர சோழனின் சாசனம். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனத்தில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்று காணப்படுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்டிர், மூலிகை கொணர்வோர் ஆகியோருக்குரிய ஊதியமும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயரும் அளவும் அதில் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன.

இச்சாசனங்களில் நான் வியப்பது ஒன்று உண்டு. மருந்துக்கு அளவு இருந்தது. அதற்குப் பொறுப்பேற்கும் மருத்துவர் இருந்தார். மருந்து என்பது கேட்டவர் கேட்டபடி அள்ளித் தரும் பண்டமாக இருக்கவில்லை.

வீட்டு வைத்தியம் இதனின் வேறானது. காவிரிக் கரை வீடுகளில் உரைகல் இல்லாத வீடு ஒரு காலத்தில் அரிது. வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் இவற்றைத் தாய்ப்பாலில் இழைத்துக் குழந்தையின் நாவில் தடவுவார்கள். அதுவே உரைமருந்து. வசம்பைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும், 'பேர் சொல்லா மருந்து' என்றும் சொல்வார்கள். என் பாட்டியார் இரண்டு இழைப்புக்கு மேல் ஒருபோதும் இழைக்க மாட்டார். ஜாதிக்காய் கூடினால் குழந்தை மயங்கிக் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எல்லாக் கைகளும் அத்தகைய கைகள் அல்ல. வசம்பின் ஒரு கூறு விலங்குகளில் தீங்கு விளைவிப்பது கண்டறியப்பட்டு, 1968-இல் அமெரிக்காவில் உணவுப் பொருள்களில் வசம்பு தடை செய்யப்பட்டது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா என்பதே இன்றைய மருத்துவர்களின் அறிவுரை.

உரைகல்லைக் காட்டிலும் கொடியது அபின். 1893-இல் நியமிக்கப்பட்டு 1895-இல் அறிக்கை தந்த அபினி ராயல் கமிஷன் முன் வந்த சாட்சியங்களில், இந்தியாவின் பல பகுதிகளில் தாய்மார் கைக்குழந்தைகளுக்கு அபின் கொடுக்கும் வழக்கம் பேசப்படுகிறது. பம்பாய் நகரில் 'பாலகோலி' என்ற பெயரில் அபின் கலந்த சிறு உருண்டைகள் விற்றன. ஆலையில் வேலை செய்யும் தாய், விடியற்காலையில் குழந்தைக்கு அதைக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் போவாள். 1922-இல் பம்பாய் ஆலைப் பெண்களின் நிலையை ஆராய்ந்த டாக்டர் பார்ன்ஸ் அம்மையார், அவர்களின் குழந்தைகளிற் பெரும்பாலோர் அபின் உண்டவர்களே என்று கண்டார். 1931-இல் வெளிவந்த தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் அறிக்கையும் இதைக் கவனித்தது.

அந்தத் தாய் கொடியவளா? அல்லள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. குழந்தைக்கு நோய் ஏதும் இல்லை. நோய் அக்குடும்பத்தின் வறுமையில் இருந்தது. மருந்தோ குழந்தையின் வாயில் ஊற்றப்பட்டது.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலை நகரங்களில், வெல்லப்பாகில் அபின் கலந்த 'காட்ஃப்ரே கார்டியல்' இதே வேலையைச் செய்தது. உறங்கிய குழந்தைக்குப் பசி தோன்றாது, பால் குடியாது, மெலிந்து இறந்துபோகும். 1868-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அங்கே அபின் விற்பனைக்கு ஒரு கட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் 1849 முதல் விற்பனையான 'மிஸஸ் வின்ஸ்லோ' பாகில் மார்பைன் கலந்திருந்தது. 1906-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் புட்டியின் மேல் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வரையில், எத்தனையோ தாய்மார் அறியாமலே அதைக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் பழகிய கிரைப் வாட்டரும் இங்கிலாந்தில் பிறந்ததே. அதன் பழைய செய்முறையில் மதுசாரம் சேர்ந்திருந்தது, பிற்காலத்தில் நீக்கப்பட்டது.

1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து கடைக்கு வந்தது. 'முற்றிலும் தீங்கற்றது' என்று விளம்பரம் செய்தார்கள். அதன் பாகு வடிவத்துக்கு மக்கள் 'சினிமாச் சாறு' என்று பெயரிட்டார்கள். பெற்றோர் படம் பார்க்கப் போகும் மாலையில் குழந்தைக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம்! அதே மருந்தைக் கருவுற்ற பெண்கள் உண்டதால், கைகால்கள் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கிற் பிறந்தன. 1961-ஆம் ஆண்டு நவம்பரில் அது விலக்கப்பட்டது.

இதுவரை சொன்னவை உறங்க வைக்கும் மருந்துகள். நடத்தையைத் திருத்தும் மருந்து என்ற எண்ணம் 1937-இல் வலுப்பெற்றது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், குழந்தைகளுக்கென்றே அமைந்த மனநல மருத்துவமனை ஒன்றில், சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர் 30 குழந்தைகளுக்கு பென்ஸிடிரின் கொடுத்துப் பார்த்தார். அது ஊக்கமூட்டும் மருந்து. வியப்பு என்னவென்றால், அவர்களில் 14 பேர் பாடத்தில் மனம் ஊன்றத் தொடங்கினர். அவர் மருந்துக்கு முன்னும், மருந்தின் போதும், மருந்தை நிறுத்திய பின்னும் குழந்தைகளை மருத்துவமனையிலேயே வைத்துக் கவனித்தார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் சுவிட்சர்லாந்தில் 1944-இல் மெதில்பெனிடேட் உருவாக்கப்பட்டது. அதைச் செய்த வேதியியலார் பனிஸ்ஸோன், தம் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு 'ரிட்டாலின்' என்று பெயரிட்டார். கவனக்குறைவும் மிகை இயக்கமும் உள்ள குழந்தைகளுக்கு அது உலகெங்கும் வழங்கலாயிற்று.

மருத்துவமனையின் கவனிப்பில் தொடங்கிய மருந்து, நாளடைவில் பள்ளிக்கூட வாயிலுக்கு வந்து சேர்ந்தது. 1970-இல் ஒமாஹா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு நடத்தைக்காக மருந்து தரப்படுவதாகப் பத்திரிகைச் செய்தி வெளியாகி, அமெரிக்கக் காங்கிரசில் விசாரணை நடந்தது. செய்தியில் வந்த எண்ணிக்கை மிகை என்று மறுக்கப்பட்டது. ஆயினும் எழுந்த கேள்வி ஓயவில்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டில் 3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இக்கோளாறு உள்ளதாகக் கூறப்பட்டவர்கள்.

2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நம்மைச் சிந்திக்க வைப்பது. செப்டம்பர் முதல் தேதியை எல்லையாகக் கொண்டு பள்ளியிற் சேர்க்கும் மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த குழந்தை வகுப்பிலேயே இளையது. செப்டம்பரில் பிறந்தது வகுப்பிலேயே மூத்தது. செப்டம்பர்க் குழந்தைகளைக் காட்டிலும் ஆகஸ்டுக் குழந்தைகளுக்கு இந்நோய்ப் பெயர் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சூட்டப்பட்டிருந்தது. பிறந்த மாதம் ஒரு நோயாகுமா? ஐந்து வயதுப் பிள்ளையை ஏறக்குறைய ஆறு வயதுப் பிள்ளையோடு நிறுத்தி, 'இவன் அடங்கவில்லை' என்று சொன்னால், அங்கே குறை கண்ணில் இருக்கிறதா, குழந்தையில் இருக்கிறதா?

இதனால் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். உண்மையிலேயே இக்கோளாறு உடைய குழந்தை, அறிவிருந்தும் படிக்க இயலாமல், எல்லாரிடமும் ஏச்சும் அடியும் வாங்கித் துன்புறுகிறது. அதற்குத் தக்க மருந்து கண்ணுக்குக் கண்ணாடி போன்றது. நம் நாட்டில் 2015-16-ஆம் ஆண்டு மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதினரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை உண்டென்று கூறியது. அவர்களிற் பலர் மருத்துவரையே கண்டதில்லை. ஆகவே, ஒரு தெருவில் வேண்டாத குழந்தைக்கு மருந்தும், அடுத்த தெருவில் வேண்டிய குழந்தைக்கு மருந்தின்மையும் ஒரே ஊரில் இருக்கக் கூடும்.

இவ்விரண்டுக்கும் இடையே நெறி வகுக்கும் முயற்சியும் நடந்து வருகிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலில் பெற்றோருக்குப் பயிற்சி தருக, மருந்து பின்னர் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2019-இல் வலியுறுத்தியது. மனச்சோர்வு மருந்துகள் சில இளையோரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்னும் எச்சரிக்கையை அவற்றின் மருந்துக் குறிப்பில் அச்சிட 2004-இல் அந்நாட்டு அரசு ஆணையிட்டது. நம் நாட்டில் மெதில்பெனிடேட் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுக்குள் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், சிறுவர்களை மனநல நிலையத்தில் சேர்ப்பதை விதிவிலக்கான நிலைமைகளுக்கு மட்டும் உரியதாக்கியது. தூக்கம் வருவிக்கும் சளி மருந்துக் கலவை ஒன்றை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரலாகாது என்று 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது. சளியே இல்லாதபோதும், இரவுப் பயணத்தில் குழந்தை தூங்கட்டும் என்று இத்தகைய பாகைக் கொடுப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சினிமாச் சாற்றுக்கும் அதற்கும் நோக்கத்தில் வேற்றுமை என்ன?

திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலில் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். பேறுகாலத்தில் இருந்த வணிகர் மகளிடம் அவள் தாய் வர இயலாதபடி காவிரியில் வெள்ளம் பெருகியது; இறைவனே தாயின் உருவில் வந்து துணையிருந்தான் என்பது தலபுராணம். துன்புற்றவளுக்கு முதலில் கிடைத்தது மருந்தன்று; உடனிருக்கும் ஓர் ஆள். ஆலைத் தாயின் குழந்தைக்கு இல்லாமற்போனதும் அதுவே. இன்றைய வீடுகளில், வேலைச் சுமையாலும் கைப்பேசியாலும், அடங்காத குழந்தைக்கு அருமையாகி வருவதும் அதுவே.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை ஆசிரியராவீர்கள், சிலர் மருத்துவராவீர்கள், பெரும்பாலோர் பெற்றோராவீர்கள். அடங்காத ஒரு பிள்ளை உங்கள் முன் நிற்கும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். இரவில் தூங்குகிறதா? பசியோடு வருகிறதா? கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றனவா? வீட்டில் யாருக்கேனும் அஞ்சுகிறதா? வகுப்பில் மற்றவரைவிட இளையதா? ஓடி விளையாட இடம் இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் விடை கண்ட பின்னும் துன்பம் நீங்காவிட்டால், தயங்காமல் தகுந்த மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை இப்போது உண்டு வருபவர் யாரேனும் இருந்தால், என் பேச்சைக் கேட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். ஐயம் இருப்பின் அவரையே கேளுங்கள். எந்த அளவு, எத்தனை நாள், எதற்காக என்று கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு. திருமுக்கூடலில் மருந்தின் பெயரையும் அளவையும் எல்லாரும் காணும்படி கல்லில் வெட்டி வைத்த மரபினர் நாம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.