நிலநடுக்கமும் துருக்கிய ஆஷிக்குகளும்

'ஆஷிக்' என்னும் அரபுச் சொல் காதலிப்பவரைக் குறிக்கும். அனாத்தோலியாவில் அது, 'ஸாஸ்' என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டிப் பாடும் நாட்டுப்புறக் கவிஞரின் பெயராயிற்று. இறைக் காதலையும் மானிடக் காதலையும் பாடிய இவர்களே மக்கள் துயரின் வரலாற்றையும் பாடினர். யுனெஸ்கோ 2009இல் இம்மரபை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

பேரிடரைப் பாட அவர்களிடம் இரு வடிவங்கள் உண்டு. நிகழ்ந்ததை நிரல்படக் கூறுவது 'தெஸ்தான்'. இறந்தோரை எண்ணி அழுவது இரங்கற்பா. இறுதிக் கண்ணியில் கவிஞர் தம் புனைபெயரைப் பதிப்பார். அதனைத் தாம் பாடியதற்குத் தாமே பொறுப்பேற்கும் சாட்சிக் கையொப்பம் என்றே நாம் கருதுகிறோம்.

1939 டிசம்பர் 27 அன்று எர்ஸின்ஜானில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சுமார் 33,000 பேர் மாண்டனர். தெஸ்தான்கள் ஒற்றைத் தாள்களில் அச்சாகிச் சந்தைகளில் பாடி விற்கப்பட்ட காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாத சிற்றூர் மக்களுக்குக் கவிஞரே செய்தியாளராகவும் விளங்கினார். 1999 ஆகஸ்ட் 17 அன்று மர்மரா பகுதி அதிர்ந்து 17,000க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தொலைக்காட்சி அப்பணியை எடுத்துக்கொண்டிருந்தது.

2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17 மணிக்கு கஹ்ராமன்மராஷ் பகுதியில் நிலம் பிளந்தது. துருக்கியில் மட்டும் 53,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புகழ்பெற்ற ஆஷிக் மஹ்ஸூனி ஷெரீஃப் பிறந்த மண் அது. இம்முறை கவிஞர்கள் கைப்பேசியின் முன் அமர்ந்து ஸாஸை மீட்டினர். யூடியூப், ஃபேஸ்புக் வழியாக அவ்விரங்கற்பாக்கள் ஜெர்மனியில் வாழும் துருக்கியரையும் எட்டின.

செய்தி முன்னரே பரவிவிட்ட உலகில் கவிஞருக்கு எஞ்சிய பணி யாது? ஆறுதல் கூறுவதும் கணக்குக் கேட்பதுமே என்போம். இறைவிதியின் முன் பொறுமை காப்பது ஈமானின் கூறு. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்குமாறு கற்பித்த மார்க்கம், மனிதரின் அலட்சியத்தை விதியின் தலையில் சுமத்த இடந்தருவதில்லை. விதிமீறிய கட்டடங்களுக்கு 2018இல் பொதுமன்னிப்பு அளிக்கப்பட்ட நாட்டில், இடிபாடுகளின் முன் எழுந்த கேள்வி விதியைப் பற்றியது மட்டுமன்று. கட்டியவரையும் அனுமதித்தவரையும் பற்றியது. விதியை ஏற்று அழும் குரலும் குற்றத்தைச் சுட்டும் குரலும் ஒரே பாடலில் இணைவது இம்மரபுக்குப் புதிதன்று.

இணையத்தால் இழப்பும் உண்டு. முன்பு ஆசானிடமிருந்து மாணவருக்கும், அவையிலிருந்து அவைக்கும் சென்ற பாடல், செல்லும் வழியிலேயே செப்பமுற்றது, மனனத்தில் நிலைத்தது. இன்று அது பாடிய நாளின் வடிவிலேயே உறைந்துவிடுகிறது. ஒரு கணக்கு மூடப்படின் மறைந்தும் போகலாம். சந்தைத் தாள்கள் பல அவ்வாறே அழிந்தன. எஞ்சியவற்றைச் சேகரித்தோரால்தான் அம்மக்களின் துயரம் இன்று நமக்குத் தெரிகிறது. 2023இன் குரல்களுக்கும் அத்தகைய காப்பாளர்கள் தேவை.