டிராயிலிருந்து கிளம்பிய தெய்வங்கள்

டிராய் எரிந்த இரவில் அந்நகர வீரன் ஏனியாஸ் அரண்மனைக் கூரைமேல் நிற்கிறான். கீழே, பலிபீடத்தருகே கிழட்டு மன்னன் பிரியாமைக் கிரேக்க வீரன் பிர்ரஸ் வெட்டிச் சாய்க்கிறான். கையில் வாள் இருந்தும் ஏனியாஸால் பார்க்கத்தான் முடிகிறது. ரோமக் கவிஞர் வர்ஜில் தம் காவியத்தின் இரண்டாம் காண்டத்தில் பெரும்பகுதியை இந்த இரவுக்கே கொடுத்துவிட்டார்.

அந்தத் தீயிலிருந்து வெளியேறியவை பெனாத்தெஸ் என்னும் சிறு தெய்வ உருவங்கள். வீட்டுச் சரக்கறையைக் காப்பவை. ஊருக்கும் பொதுவாக உண்டு. அவற்றை எடுத்துக்கொண்டு போகச் சொன்னவன், செத்துப்போய்க் கனவில் வந்த டிராய் இளவரசன் ஹெக்டர். ஆனால் ஏனியாஸ் அவற்றைத் தொடக் கூடாது. சண்டையின் ரத்தம் கையில் இருக்கிறது. ஓடும் நீரில் கழுவும்வரை தீட்டு. ஆகவே தகப்பன் அங்கைசிஸ் தெய்வங்களை ஏந்திக்கொள்ள, தகப்பனை மகன் தோளில் ஏற்றிக்கொள்கிறான். ஏனியாஸின் சிறு மகன் அவன் கையைப் பிடித்து ஓடிவருகிறான். பின்னால் வந்த மனைவி கிரெயூசா வழியில் தொலைந்துபோகிறாள். ஊரைக் காக்க முடியாதவனுக்கு ஊர்த்தெய்வத்தைத் தொடும் உரிமையும் அன்றிரவு இல்லை. காவியத்தில் இதைவிட வலிக்கும் இடம் எனக்கு வேறில்லை. சிற்பி பெர்னினியும் 1618-19இல் செதுக்கிய பளிங்குச் சிலையில் உருவங்களைக் கிழவர் கையில்தான் வைத்தார். ரோமில் போர்கேஸ் கலைக்கூடத்தில் பார்க்கலாம்.

கப்பல் திரேஸ், டெலோஸ், கிரீட் என்று அலைகிறது. கிரீட்டில் வீடு கட்டத் தொடங்கியதும் கொள்ளைநோய். அப்போது தெய்வங்களே நிலவொளியில் தோன்றி, இது உங்கள் இடமல்ல, இத்தாலிக்குப் போங்கள் என்கின்றன. சிசிலியில் தகப்பன் இறக்கிறார். கார்த்தேஜைக் கடந்து, கடைசியில் லத்தீன் மண்.

அங்கே லவீனியம் என்னும் ஊரில் குடியேறிய உருவங்களை ஏனியாஸின் மகன் தன் புது ஊரான அல்பா லோங்காவுக்குக் கொண்டுபோனான். விடிந்தபோது அவை பழைய கோயிலில் இருந்தன. மறுபடியும் கொண்டுபோனான், மறுபடியும் திரும்பிவிட்டன. பிறகு 600 பேரைக் குடும்பத்தோடு லவீனியத்துக்கே அனுப்பி வழிபாட்டைக் கவனிக்கச் செய்தார்களாம். இதை எழுதியவர் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோனிசியஸ்.

அவை எப்படி இருந்தன? இரும்பாலும் வெண்கலத்தாலும் ஆன தூதர் கோல்கள், டிராய் மண்பாண்டம் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னதாக இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் திமேயஸ் குறித்தார். எல்லோரும் பார்க்கத் தகாததை விவரிக்கக் கூடாது என்று டயோனிசியஸ் ஒதுங்கிக்கொண்டார். நான் அந்த மண்பாண்டத்தை நம்பவே விரும்புகிறேன். ஊர் எரியும்போது ஓடுகிறவர்கள் கையில் அகப்படுவது வீட்டுப் பாத்திரம்தானே.

ஏனியாஸைத் தன் மூதாதையாகக் கருதிய ரோம் பேரரசான பிறகும், அதன் உயர் அதிகாரிகள் பதவியேற்கையில் லவீனியத்துக்குப் போய் இந்தத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டியிருந்தது.