எண்ணப்படாத பறவை: இந்தியப் பாறுகளின் வீழ்ச்சி

1980களின் நடுவில் இராஜஸ்தானத்தின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் இரைகொல்லிப் பறவைகளை ஆராய்ந்து வந்தார். அந்த ஆய்வின் ஒரு பகுதியாக வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளையும் எண்ணினார். 1987-88 பருவத்தில் அவர் பதிவு செய்தவை 353 கூடுகள். அந்த எண் அப்போது எவரையும் வியப்பில் ஆழ்த்தவில்லை. காக்கையை எண்ணுவது போன்ற வேலையாகவே அது தோன்றியிருக்கும். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து அவர் மீண்டும் எண்ணியபோது பாதிக்கும் குறைவான கூடுகளே எஞ்சியிருந்தன. பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டுக் கிளைகளில் நாள்கணக்கில் அமர்ந்திருந்தன. பின்னர் கீழே விழுந்து இறந்தன. நூற்றாண்டு முடிவதற்குள் அப்பூங்காவில் வெண்முதுகுப் பாறின் கூடு ஒன்றுகூட இல்லாமற்போயிற்று.

சூழலியல் வரலாற்றை எழுதுவோர் இங்கே கவனிக்க வேண்டியது சான்றாதாரம் பற்றிய சிக்கலை. உலகில் மிகுந்த எண்ணிக்கையில் வாழ்ந்த பெரும் இரைகொல்லிப் பறவை வெண்முதுகுப் பாறாகவே இருக்கக்கூடும் என்று 1980களில் கருதப்பட்டது. சோவியத் பறவையியலர் கலூஷின் 1971-இல் வெளியிட்ட கட்டுரை, தில்லி மாநகரின் இரைகொல்லிப் பறவைத் தொகையைக் கண்டு வியந்தது. சாலையோர மரங்களில் பாறுகள் கூடுகட்டி வாழ்ந்த நகரம் அது. விமானங்களின்மேல் மோதும் தொல்லையாகவும் பாறுகள் அறியப்பட்டிருந்தன. ஆயினும், நாடு முழுவதற்குமான முறையான கணக்கெடுப்பு எதுவும் அந்தக் காலத்தில் இல்லை. அரியதை எண்ணுவதும் மலிந்ததை விட்டுவிடுவதும் இயற்கை அறிவியலின் பழைய வழக்கம். பரத்பூரின் அந்தப் பழைய எண் இல்லையெனில், 'முன்பெல்லாம் நிறைய இருந்தன' என்ற முதியோர் வாய்மொழிக்கு மேல் எதுவும் கையில் இருந்திராது.

இத்தனை பறவைகள் இந்தியாவில் வாழ முடிந்ததற்குச் சமூகக் காரணம் உண்டு. கால்நடைகள் கோடிக்கணக்கில் இருந்தும், மாட்டை இறைச்சிக்காகக் கொல்வது பெரும்பாலான பகுதிகளில் வழக்கிலோ சட்டத்திலோ தடுக்கப்பட்டிருந்தது. மாடு மூப்பிலோ நோயிலோ இறந்தபின் ஊருக்கு வெளியே கொண்டு போடப்பட்டது. சாதியின் பெயரால் அப்பணி சுமத்தப்பட்ட மக்கள் தோலை உரித்தனர். மிஞ்சியதைப் பாறுகள் தின்றன. துப்புரவான எலும்பை எலும்புப் பொறுக்குவோர் சேகரித்து ஆலைகளுக்கு விற்றனர். ஒரு கூட்டம் ஒரு மாட்டின் சடலத்தை ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே எலும்பாக்கிவிடும். அரசின் செலவுக் கணக்கு எதிலும் இடம்பெறாத துப்புரவு அமைப்பு இது. இழிவு கற்பிக்கப்பட்ட மனிதரின் உழைப்பும் இழிவாகக் கருதப்பட்ட பறவையின் உழைப்பும் அதில் ஒன்றாகவே மறைக்கப்பட்டிருந்தன. சங்கப் பாடல்களில் பாறு, எருவை என்று தனிப்பெயர்களோடு வாழ்ந்த பறவை, இக்காலத் தமிழில் 'பிணந்தின்னி' என்ற வசைச்சொல்லாகச் சுருங்கியதும் இதே மனப்போக்கின் விளைவுதான்.

சாவுக்குக் காரணம் தேடியவர்கள் முதலில் தொற்றுநோயை ஐயுற்றனர். பூச்சிக்கொல்லி, இரைப் பற்றாக்குறை ஆகியனவும் பேசப்பட்டன. விடை கிடைத்தது எல்லைக்கு அப்பால். பாகிஸ்தானின் பஞ்சாபில் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்த லின்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு, சிறுநீரகம் செயலிழந்து உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்சுண்ணம் போலப் படிந்திருந்ததைக் கண்டது. அந்த நிலையிலிருந்த பறவைகளின் உடலில் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி இருந்தது. 2004-இல் 'நேச்சர்' இதழ் அந்த முடிவை வெளியிட்டது.

காப்புரிமை நீங்கி 1990களில் மலிவாகிவிட்ட அம்மருந்தை, நொண்டும் எருதுக்கும் மடி வீங்கிய பசுவுக்கும் உழவர்கள் கொடுத்தனர். ஊசி போட்ட சில நாள்களுக்குள் மாடு இறந்தால் நஞ்சு சடலத்தில் தங்கியிருக்கும். சூழல்மாசு என்றதும் ஆலைப்புகையையும் சாக்கடை ஆற்றையும் நினைக்கும் பழக்கத்திற்கு இது இடங்கொடுக்கவில்லை. இந்த மாசுக்கு நாற்றமில்லை, நிறமில்லை. அது பரவிய வழி வளர்த்தவரின் பரிவு. சடலங்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இத்தகைய வீழ்ச்சி நேரும் என்று கணித்திருந்தனர். 2004-05-இல் இந்தியாவில் திரட்டப்பட்ட கால்நடைச் சடல மாதிரிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டில் அது இருந்தது. ஒரு சடலத்தில் பல பத்துப் பறவைகள் ஒன்றாகத் தின்பதும், இணை ஒன்று ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவதும் அழிவை விரைவுபடுத்தின. 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறின் எண்ணிக்கை 99.9 விழுக்காடு குறைந்தது. இந்தியப் பாறும் மெல்லலகுப் பாறும் சேர்ந்து ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்தன.

சடலங்கள் மட்டும் குறையவில்லை. அவை நாய்களுக்குப் போயின. 1992 முதல் 2006 வரை வெறிநாய்க்கடியால் கூடுதலாக ஏறத்தாழ 48,000 பேர் இறந்திருக்கக்கூடும் என்று 2008-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பாறுகளுக்கு ஏற்ற வாழிடமாக இருந்த மாவட்டங்களையும் அவ்வாறு இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய பொருளியலர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, 2000-க்கும் 2005-க்கும் இடையே ஏறத்தாழ 5 இலட்சம் கூடுதல் மனித இறப்புகளைக் கணித்தது. இவை புள்ளியியல் மதிப்பீடுகள். இறந்தவர் எவரது சான்றிதழிலும் 'பாறு இன்மை' என்ற காரணம் எழுதப்பட்டிருக்காது. மும்பையின் மலபார் குன்றிலுள்ள பார்சிகளின் அமைதிக் கோபுரங்களில், உடல்களை உலர்த்தச் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகள் நிறுவப்பட்டன. தம் இறுதிச் சடங்கையே பறவையிடம் ஒப்படைத்திருந்த சமூகம் அது.

கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்திய அரசு 2006-இல் தடைசெய்தது. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் மாற்றாக முன்வைக்கப்பட்டது. ஆனால் மனிதருக்கான டைக்ளோஃபெனாக் பெரிய குப்பிகளில் கடைகளில் கிடைத்தது. மாட்டுக்கு அதையே போட்டனர். மனித ஊசிமருந்தை ஒருவேளை அளவான 3 மில்லிலிட்டர் குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்ற விதி வருவதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே வேறு வலிநிவாரணிகள் அந்த இடத்தைப் பிடித்தன. அவற்றுள் அசெக்ளோஃபெனாக், மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. கால்நடைகளுக்கு அதையும் கீட்டோப்ரோஃபெனையும் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்ட ஆண்டு 2023.